மருத்துவமனையில் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"டிகிரி முடித்திருக்கிறேன், டைப்பிங் தெரியும், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் அடிக்கிற வேலைக்குப் போகலாமா?" என்று தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். அடுத்ததாக, "எந்தக் கோர்ஸில் சேரட்டும்?" என்பார்கள். பணம் வீணாவது அங்கேதான். இந்த வேலைக்குள் நுழைய நான் அலைந்தபோது யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களின் தனியார் மருத்துவமனைகளையும் ஸ்கேன் சென்டர்களையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். அரசு மருத்துவமனை நியமனம் வேறு கதை.

1. எந்த நாற்காலி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட்" என்றுதான் போடுவார்கள். உள்ளே போனால் மூன்று வேறு வேலைகள்.

முதலாவது ரேடியாலஜி. ஸ்கேன் ரூமில் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அடிப்பது, அல்லது சி.டி., எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை ஒலிப்பதிவில் கேட்டு அடிப்பது. இரண்டாவது டிஸ்சார்ஜ் சம்மரி டெஸ்க். நோயாளியின் கேஸ் ஷீட்டையும் டாக்டரின் கையெழுத்துக் குறிப்பையும் வைத்துச் சம்மரி தயாரிப்பது. இங்கே காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். மூன்றாவது, அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இங்கிருந்து அடிக்கும் கம்பெனிகள்.

ஒரு காலத்தில் மூன்றாவதுதான் பெரிய வாசல். இப்போது அந்த வாசல் சுருங்கிவிட்டது. பேச்சைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டன. அந்தத் துறையில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை 2022-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆகவே அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எடிட்டிங்: இயந்திரம் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துவது. புதிதாக வருபவருக்கு இது கடினம். இயந்திரத்தின் தப்பு எழுத்துப்பிழையாகக் கண்ணை உறுத்தாது, சரளமான வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும். முதலில் ரேடியாலஜியிலோ டிஸ்சார்ஜ் டெஸ்க்கிலோ ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டு அங்கே போங்கள் என்பது என் யோசனை.

2. டைப்பிங்: வேகம் போதும், பார்த்து அடிக்கும் பழக்கம் வேண்டாம்

தமிழ்நாட்டில் இதற்கு மலிவான, மதிப்பான வழி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். ஹையர் பாஸ் என்றால் இந்த வேலைக்குத் தேவையான வேகம் உங்களிடம் வந்துவிட்டது. மாதக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். தேர்வு வழக்கமாக வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதனால் விண்ணப்பத் தேதியை இன்ஸ்டிட்யூட்டில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேதியை விட்டால் அரை வருடம் போய்விடும்.

சான்றிதழ் கைக்கு வரும்வரை வேலை தேடாமல் இருக்க வேண்டியதில்லை. எந்த மருத்துவமனையும் டெஸ்ட் வைத்துத்தான் எடுக்கும். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்க வருகிறதா என்பதுதான் கேள்வி. பார்த்து அடித்தால் ஸ்கேன் ரூமில் திரையைக் கவனிக்க முடியாது.

3. மருத்துவச் சொற்கள்: மூன்று மாதம் ஒதுக்குங்கள்

அகராதியை அ முதல் ஃ வரை மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னொட்டு, பின்னொட்டு, உறுப்பின் பெயர் என்று பிரித்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது. "ஐட்டிஸ்" என்றால் அழற்சி, "எக்டமி" என்றால் அகற்றுதல், "ஆஸ்டமி" என்றால் திறப்பு உண்டாக்குதல். கோலிசிஸ்டெக்டமி என்று காதில் விழுந்ததும் பித்தப்பை எடுக்கப்பட்டுவிட்டது என்று மனதில் ஓட வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது எட்டாவது பகுதியில் புரியும்.

காதுக்கு ஒன்றுபோல் கேட்டு, பொருள் வேறாக இருப்பவற்றுக்குத் தனி நோட்டு போடுங்கள். டிஸ்ஃபேஜியா விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சில் கோளாறு. பெரினியல் என்றால் ஆசனவாய்ப் பகுதியை ஒட்டியது, பெரோனியல் என்றால் காலில் இருப்பது. இலியம் என்பதில் நடுவே ஈ எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. காதை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது, வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹைப்பர் (அதிகம்), ஹைப்போ (குறைவு) இரண்டையும் டாக்டர்கள் அவசரத்தில் ஒரே மாதிரி உச்சரிப்பார்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் அப்படியே. அப்டக்‌ஷன், அடக்‌ஷன் என்ற ஜோடிக்கு (கை காலை உடலிலிருந்து விலக்குவது, உடலை நோக்கிக் கொண்டுவருவது) மட்டும் நல்ல டாக்டர்கள் "ஏ பி டக்‌ஷன்", "ஏ டி டக்‌ஷன்" என்று எழுத்தைப் பிரித்தே சொல்லிவிடுவார்கள்.

மருந்துப் பெயரில் இன்னும் கவனம் வேண்டும். ஹைட்ராலசின் ரத்தக் கொதிப்புக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு.

4. என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம்

வீட்டில் பழகுவதற்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்று ரூ. 1,500 முதல் 2,500-க்குள் கிடைக்கும். காதுக்குள் சொருகுவதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார முடியாது.

ஃபுட் பெடல் என்பது காலால் ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் பின்னால் தள்ளவும் உதவும் கருவி. வெளியில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இப்போதே வாங்காதீர்கள். எக்ஸ்பிரஸ் ஸ்க்ரைப் போன்ற மென்பொருளில் கீபோர்டின் ஃபங்ஷன் கீக்களை வைத்தே ஓட்டலாம், பழக அது போதும். வேலையில் சேர்ந்தால் பெடலை அவர்களே தருவார்கள். டிஸ்சார்ஜ் டெஸ்க்கிலும் நேரடியாகக் கேட்டு அடிக்கும் ஸ்கேன் ரூமிலும் அதற்கு வேலையே இல்லை.

வேர்டில் ஆட்டோகரெக்ட் வசதியைக் கற்றுக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து அடித்தால் ஒரு முழு வாக்கியம் விழும்படி வைத்துக்கொள்ளலாம். வேகத்தைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அர்த்தமுள்ள ஆங்கிலச் சொல் எதையும் சுருக்கமாக வைக்காதீர்கள், கேட்காத இடத்திலும் விரிந்து தொலைக்கும்.

5. கோர்ஸ், ஒரிஜினல் சான்றிதழ், "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்"

கோர்ஸில் சேர்வதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். வீட்டில் உட்கார்ந்து தனியாகப் படிக்க வராதவர்களுக்கு அது தேவைதான். சேருமுன் மூன்றைக் கேளுங்கள். பயிற்சிக்கு நிஜமான டாக்டர்களின் ஒலிப்பதிவு தருகிறார்களா, அல்லது ஆசிரியர் வாசித்துப் பதிவு செய்ததா? நீங்கள் அடித்ததை யாராவது ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தித் தருகிறார்களா? போன வருடம் படித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச விடுவார்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சிக் கட்டணத்தோடு "வேலை உத்தரவாதம்" என்று தனியாக ஒரு தொகை கேட்டாலும் அப்படியே.

ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நான் போன ஒரு பயிற்சி மையத்தில் "வெரிஃபிகேஷனுக்கு மூன்று மாதம் எங்களிடம் இருக்கட்டும்" என்றார்கள். சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டினால் போதும், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்வது உங்களைக் கட்டிப்போடத்தான்.

மோசமான இன்னொன்று இருக்கிறது. "மெடிக்கல் டேட்டா என்ட்ரி, வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம்" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். மங்கலான படங்களை அனுப்பி அடிக்கச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் "துல்லியம் குறைவு, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்ட ஈடு கட்டுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்று வரும். பயந்து பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். கட்டாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

6. டெஸ்ட்டில் என்ன பார்ப்பார்கள்

நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். பத்து நிமிடம் டைப்பிங், ஒரு பக்கம் மருத்துவச் சொற்கள், அப்புறம் இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்று. அந்த ஒலிப்பதிவில்தான் வேலை முடிவாகிறது.

பதிவில் ஒன்றிரண்டு இடம் தெளிவில்லாமல்தான் இருக்கும். சில இடங்களில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். புரியாத இடத்தில் உங்களுக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு நிரப்பினால் போச்சு. அங்கே ஒரு கோடு போட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்துவிட்டு மேலே போங்கள். கோடு போட்ட இடத்தை டாக்டர் பார்த்து நிரப்புவார். ஊகித்து எழுதியது சரியான சொல் மாதிரியே இருப்பதால் அவர் கண்ணில் படாமல் கையெழுத்தாகிவிடும். வேலைக்கு எடுப்பவர்களுக்கு இது தெரியும். டெஸ்ட் முடிந்ததும் "ஏன் இங்கே விட்டீர்கள்?" என்று கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்: "கேட்கவில்லை சார், அதனால் எழுதவில்லை."

எண் எழுதும் முறையையும் பார்ப்பார்கள். அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று எழுத வேண்டும், வெறும் .5 கூடாது. புள்ளி மங்கினால் ஐந்தாகிவிடும். ஐந்து மில்லிகிராம் என்றால் 5 மட்டும், 5.0 கூடாது, ஐம்பதாகிவிடும். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில யு எழுத்தை மட்டும் போட்டால் சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்படும். இந்த மூன்றும் உலகம் முழுக்க மருத்துவமனைகள் கடைப்பிடிக்கும் விதிகள்.

7. சேரும்போது தேவையான ஆவணங்கள்

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டைப்பிங் சான்றிதழ் இவற்றின் நகல்கள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், நான்கைந்து புகைப்படம். முன்பே எங்காவது வேலை பார்த்திருந்தால் பி.எஃப். யு.ஏ.என். எண், ரிலீவிங் லெட்டர். ஆதாரிலும் பானிலும் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் விரிந்து அப்பா பெயராக நிற்கும். பி.எஃப். கணக்கு தொடங்கும்போது அதனால் சம்பளமே ஒரு மாதம் தள்ளிப்போகலாம். ஆதாரில் திருத்தம் வேண்டுமானால் சேர்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது நியாயமானது, போடலாம். ஆனால் அதே தாள்களின் கட்டுக்குள் "இரண்டு வருடம் விலகமாட்டேன், விலகினால் இவ்வளவு ரூபாய்" என்று ஒரு தாள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். வெற்றுச் செக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

8. ஸ்கேன் ரூமில் முதல் மாதங்கள்

வயிற்று ஸ்கேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாக்டர் புரோப் என்ற ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துக்கொண்டே சொல்வார்: "லிவர் ஃபோர்டீன், கிரேடு ஒன் ஃபேட்டி. ஜி.பி.யில் செவன் எம்.எம். ஸ்டோன். பேங்க்ரியாஸ் டெயில் தெரியல, கேஸ். ரைட் கிட்னி நைன் பாயின்ட் எய்ட், லெஃப்ட் டென், மிட் போல்ல ஃபோர் எம்.எம். புராஸ்டேட் ட்வென்டி டூ." அவ்வளவுதான். ஜி.பி. என்றால் பித்தப்பை, கேஸ் என்றால் குடலில் உள்ள வாயு, மிட் போல் என்றால் சிறுநீரகத்தின் நடுப்பகுதி. டாக்டர் சொன்னதை முழு வாக்கியங்களாக விரித்து, அளவு செ.மீ.யா மி.மீ.யா என்று பிரித்து, கடைசியில் இம்ப்ரெஷன் என்ற முடிவுப் பகுதியில் கொழுப்புக் கல்லீரல், பித்தப்பைக் கல், இடது சிறுநீரகக் கல் மூன்றையும் போட்டு, அடுத்த நோயாளி படுப்பதற்குள் அச்செடுக்க வேண்டும். மிட் போல் என்று சொன்னாரே, அது லெஃப்ட்டுக்குத்தானா? சந்தேகம் என்றால் அப்போதே கேளுங்கள். நோயாளி எழுந்து போய்விட்டால் டாக்டருக்கும் நினைவிருக்காது.

இந்த வேகத்துக்காகத்தான் எல்லா இடத்திலும் டெம்ப்ளேட் வைத்திருப்பார்கள். "நார்மல் அப்டமன் ஆண்", "நார்மல் அப்டமன் பெண்" என்று திறந்து, மாறிய வரிகளை மட்டும் திருத்துவது. பெரிய தப்புகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. பித்தப்பையை எடுத்துவிட்ட நோயாளிக்கு "பித்தப்பை இயல்பாக உள்ளது" என்று போகும். கர்ப்பப்பை அகற்றியவருக்குக் கர்ப்பப்பையின் அளவு போகும். பெண் டெம்ப்ளேட்டில் ஆண் நோயாளியின் ரிப்போர்ட் அடித்து, சினைப்பை இயல்பு என்று அச்சாகிய கதை எல்லா சென்டரிலும் ஒன்றாவது இருக்கும். ஆகவே டெம்ப்ளேட்டைத் திறந்ததும் முதலில் மூன்றைப் பாருங்கள்: பெயர், வயது, பாலினம். அடுத்து, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று. போன நோயாளியின் ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிச் சேமிக்கும் பழக்கம் சீனியர்களிடம் இருக்கும். அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

வலது இடது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே "இடது சிறுநீரகத்தில் கல்" என்றும் இம்ப்ரெஷனில் "வலது" என்றும் போனால் ரிப்போர்ட்டே குப்பை. அச்செடுக்கும் முன் இம்ப்ரெஷனின் ஒவ்வொரு வரிக்கும் ரிப்போர்ட்டின் உள்ளே இருக்கும் வரியை விரலை வைத்து ஒப்பிடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். "நோ எவிடென்ஸ் ஆஃப்" என்று தொடங்கும் வரிகளில் அந்த "நோ" விழுந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மார்பக ரிப்போர்ட் என்றால், புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் பை-ராட்ஸ் எண்ணையும் பாருங்கள். 0 முதல் 6 வரை உள்ள அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்து பயாப்சியா, ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதா என்று முடிவெடுப்பார்கள். 3-க்குப் பதில் 4 விழுந்தால் ஒரு குடும்பமே தூங்காது.

கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்குச் சட்டம் உண்டு. 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ யாரும் தெரிவிக்கக் கூடாது. யாரும் என்றால் டைப் செய்பவரும்தான். ரிப்போர்ட்டில் கருவைக் குறிக்க ஆண்பால், பெண்பால் சொல் எதுவும் விழாமல் பாருங்கள். கர்ப்பிணி ஸ்கேனுக்கு இந்தச் சட்டம் கேட்கும் ஃபார்ம் எஃப் என்ற படிவத்தை நிரப்புவதும் பல சென்டர்களில் உங்கள் தலையில்தான் வரும். நோயாளியின் கையெழுத்து, டாக்டரின் கையெழுத்து, தேதி, ஸ்கேனுக்கான காரணம் இவற்றில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும், பதிவேடுகளை இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் விடுபட்ட கட்டம் ஒன்றுக்காகவே மெஷினைச் சீல் வைத்துவிட்டுப் போகலாம். வராந்தாவில் காத்திருக்கும் மாமியார், "நீ பார்த்திருப்பியே கண்ணு, என்ன குழந்தைன்னு மட்டும் சொல்லு" என்று கெஞ்சுவார். "எனக்குத் தெரியாதும்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

9. டிஸ்சார்ஜ் சம்மரி டெஸ்க்

இங்கே காலை பத்து மணிக்கு மேல்தான் நெருக்கடி. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்து "டிஸ்சார்ஜ்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சம்மரி வந்தால்தான் இன்ஷூரன்ஸுக்குப் பில் போகும், உறவினர்கள் உங்கள் ஜன்னலுக்கு எதிரில் நிற்பார்கள். மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் டிஸ்சார்ஜுக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் நீங்கள் சம்மரியை முடித்துக் கொடுத்த பிறகுதான் ஓடத் தொடங்கும். எனவே புத்திசாலித்தனம் என்னவென்றால், நாளை டிஸ்சார்ஜ் ஆகக்கூடியவர்கள் பட்டியலை முந்தின நாள் மாலையே வார்டு நர்ஸிடம் வாங்கி, அனுமதிக்கப்பட்ட காரணம், பரிசோதனை முடிவுகள், செய்த சிகிச்சை வரை அடித்து வைத்துவிடுவது. காலையில் மருந்துப் பட்டியலும் அறிவுரையும் மட்டும் மிச்சமிருக்கும்.

மருந்துப் பட்டியலை அவசரத்தில் அடிக்காதீர்கள். காலை-மதியம்-இரவு கணக்கில் 1-0-1 என்பது 1-1-1 ஆனால் மருந்து ஒரு வேளை கூடிவிடும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் வாரம் ஒரு முறை மட்டும் கொடுப்பது. பழக்க தோஷத்தில் "தினமும்" என்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பெயரைப் பார்த்ததும் கை நின்று, கிழமையைக் குறித்துவிட்டுத்தான் நகர வேண்டும். "ஓ.டி." என்ற சுருக்கம் பொது வார்டில் தினம் ஒருமுறை. கண் மருத்துவத்தில் வலது கண். கண் மருத்துவமனைக்கு மாறிப் போகிறவர்கள் முதல் வாரமே இதில் தடுமாறுவார்கள்.

விபத்து, விஷம், அடிதடி கேஸ்கள் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட கேஸ்) என்று குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் நேரம், காயத்தின் நீள அகலம், எந்தப் பக்கம், நோயாளி சொன்ன வாசகம் எல்லாம் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) இருப்பது போலவே வர வேண்டும். உங்கள் ஆங்கிலத்தில் அழகுபடுத்தாதீர்கள். அது கோர்ட்டுக்குப் போகும் தாள். கையெழுத்தான பிறகு திருத்தச் சொல்லி யார் வந்தாலும், டாக்டர் எழுத்தில் தராமல் தொடாதீர்கள். "தேதியை மட்டும் ஒருநாள் முன்னாடி போட்டுக் கொடுங்க, கிளெய்முக்கு வேணும்" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ரிப்போர்ட்டைச் சொந்த போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. டாக்டரே கேட்டாலும் மருத்துவமனையின் எண்ணிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் நோயாளியின் பெயரோடு படம் கிடந்தால், நாளைக்குப் பிரச்சினை வரும்போது கேள்வி உங்களிடம்தான் வரும்.

10. சம்பளமும் ஷிஃப்ட்டும்

சின்ன ஸ்கேன் சென்டர்களில் தொடக்கத்தில் பத்தாயிரத்தை ஒட்டி, பெரிய மருத்துவமனைகளில் பன்னிரண்டு முதல் பதினெட்டாயிரம். நான் விசாரித்த இடங்களில் இப்படித்தான், ஊருக்கு ஊர் மாறும். மொத்தச் சம்பளம் ரூ. 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள், 0.75 சதவீதம்தான், குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம். இரண்டும் இல்லாமல் கையில் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வேலையில் வரி எண்ணிச் சம்பளம். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து கொண்டது ஒரு வரி என்பது பழைய கணக்கு. சில இடங்களில் இடைவெளியைக் கழித்துவிட்டு எண்ணுவார்கள், அதே உழைப்புக்கு வரி குறையும். ஆஃபர் லெட்டரில் எது என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் அடித்து, தரம் சரிபார்க்கும் க்யூ.ஏ. பிரிவுக்குப் போன ஃபைலில் தப்பு இருந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். 98 சதவீதத் துல்லியம் கேட்பது சகஜம். அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், உங்கள் ஷிஃப்ட்டும் ஒரு மணி நேரம் நகரும். இரவு ஷிஃப்ட் என்றால் பெண்களுக்கு வீட்டு வாசல்வரை கேப் உண்டா, அல்லது மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மருத்துவமனையில் ஞாயிறு சுழற்சியையும் பண்டிகை நாள் ட்யூட்டியையும் சேரும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு பற்றிப் பேச நல்ல நேரம், சி.டி. ரிப்போர்ட்டைத் தனியாக அடிக்க உங்களை விட்ட மாதம். வருட முடிவுக்காகக் காத்திருந்தால் எல்லோருக்கும் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய்தான் கிடைக்கும்.